பச்சை என்கிற வெள்ளைச் சேவல்: பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் எட்டு வாரம்

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. “டாக்டரம்மா, சேவலுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு. பிள்ளைகளக் கொல்லைப் பக்கமே விடமாட்டேங்குது. ஏதாச்சும் ஊசி போட்டா அடங்குமா?”

பேசியது பிள்ளைகளின் அப்பா. சேவலை அடக்க ஊசி ஒன்றும் கிடையாது. பிள்ளைகளுக்கு என்ன வயது என்று கேட்டேன். பெரியவளுக்கு 6, சின்னவனுக்கு 3 என்றார். மறுநாளே கிளம்பிப் போனேன்.

இந்தப் பக்கம் எனக்கு வேலை பெரும்பாலும் ஆடு மாடுகளோடுதான். ஆனாலும் சேவல் ஆளைக் கொத்துகிறது என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது கேட்பார்கள். அதிகம் பேர் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். இந்த ஒரு வீட்டை மட்டும் விரிவாக எழுதுவதற்குக் காரணம், நான் முதலில் சொன்ன யோசனையால் ஒரு குழந்தைக்கு அடிபட்டது. அந்தத் தப்பு வேறு வீட்டில் நடக்கக்கூடாது.

வீடும் கொல்லையும்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இடம் சட்டென்று பிடிபட்டுவிடும். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றக் கூடம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேர்கோட்டில் நீண்டு, முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிற வீடு. சொந்தக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள், விசேஷத்துக்கு வந்துபோவார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் பின்கட்டில் குடியிருக்கிறது. அப்பா, அம்மா, அப்பத்தா, பிள்ளைகள் இரண்டு பேர். கொல்லையில் கிணறு, துவைகல், இரண்டு முருங்கை, ஒரு கொய்யா, ஓரமாக ஆட்டுக்கொட்டகை. பிள்ளைகள் விளையாடுவதும் கோழி மேய்வதும் அந்த ஒரே இடத்தில்தான். வளவுக்குள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. அங்கே ஓடக்கூடாது, பந்து தட்டக்கூடாது என்று பிள்ளைகளுக்குக் கட்டளை. அந்த வழவழப்பில் சேவலுக்கும் கால் நிற்கவில்லை. பின்வாசல் நிலையைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் நகம் வழுக்கும், திரும்பிவிடும். அது போகட்டும்.

சேவல் வெள்ளை, பெயர் பச்சை. பங்குனியில் அட்டைப்பெட்டி கட்டிய சைக்கிளில் வந்தவரிடம் உடைந்த பிளாஸ்டிக் குடங்களைப் போட்டு நாலு கலர் குஞ்சு வாங்கியிருக்கிறார்கள். ரோஸைக் காக்கா தூக்கிவிட்டது. ஊதா மூன்றாம் நாளே சுருண்டுவிட்டது. மஞ்சளைக் கீரி பிடித்தது. மிஞ்சியது பச்சை. சாயம் போய் வெள்ளை இறகு முளைத்த பிறகும் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்தக் கலர் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்று வாங்குகிறவர்கள் விசாரிப்பதில்லை. முட்டைக்கோழிப் பண்ணைக்குக் குஞ்சு பொரிக்கிற இடங்களில் முதல் நாளே பெட்டை வேறு, சேவல் வேறு என்று பிரித்துவிடுவார்கள். முட்டையும் இடாது, கறிக்கும் சீக்கிரம் தேறாது என்பதால் சேவல் குஞ்சு அங்கே வேண்டாத சரக்கு. அதைத்தான் சாயத்தில் முக்கித் தெருவுக்கு அனுப்புகிறார்கள். ஆகவே கலர் குஞ்சு வாங்கி அது பிழைத்துவிட்டால், ஐந்தாம் மாதம் கொல்லையில் நிற்கப்போவது அநேகமாக ஒரு சேவல்தான். பிள்ளை அழுகிறதே என்று வாங்கிக் கொடுக்கிற பெரியவர்கள் அந்த ஐந்தாம் மாதத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பச்சையை வளர்த்தது பெரியவள். ஷூ டப்பாவில் பழைய துணி போட்டு, மேலே குண்டு பல்பு தொங்கவிட்டு, உள்ளங்கையில் நொய் வைத்து ஊட்டி வளர்த்திருக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் சட்டைக்குள் போட்டுக்கொண்டு திரிவாளாம். அதற்குத் தாய்க்கோழி இல்லை. கூட வந்த குஞ்சுகளும் இல்லை. தட்டிவைக்க மூத்த சேவல் இல்லை. கூட்டத்தில் வளர்கிற இளம் சேவல் துள்ளினால் மூத்த பெட்டைகளே ஒரு கொத்துக் கொத்தி அதன் இடத்தைக் காட்டிவிடும். பச்சைக்கு அந்த வளர்ப்பு வாய்க்கவில்லை. அதற்குத் தெரிந்த கூட்டம் மனிதர்கள் மட்டும்தான். மனிதரைக் கண்டு பயமில்லாமல் ஒற்றையாக வளர்ந்த சேவல், பருவம் வந்ததும் மனிதரையே போட்டிச் சேவலாக எடுத்துக்கொள்ளும். “அப்ப, பாசமா வளர்த்ததுதான் தப்பா?” என்று அம்மா கேட்டார். பாசத்தில் தப்பில்லை. ஒற்றைக் குஞ்சாக வளர்ந்ததில்தான் வினை.

ஆடி நடுவில் அத்தை வீட்டிலிருந்து இரண்டு நாட்டுப் பெட்டைகள் வந்தன. கிட்டத்தட்ட அதே வாரம் பச்சை கூவத் தொடங்கியது. அப்போது அதற்கு நாலரை மாதம். ஒருநாள் சின்னவன் பெட்டையைத் துரத்திச் சிறகைப் பிடித்துவிட்டான். பெட்டை கத்தியது. கொல்லையின் அந்தக் கோடியிலிருந்து பச்சை ஓடிவந்து அவன் முதுகில் விழுந்தது. இரண்டு கீறல். பிள்ளை அலறிக்கொண்டு உள்ளே ஓடினான். பாய்ந்தால் ஆள் ஓடும் என்று சேவல் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது.

அடுத்த இரண்டு வாரமும் வீட்டார் எல்லாரும் அந்தப் பாடத்தையே அதற்குத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். அம்மா குடத்தோடு ஒதுங்கி ஓடினார், சேவலுக்கு வெற்றி. பெரியவள் கல்லெடுத்து எறிந்தாள். அப்பத்தா விளக்கமாற்றால் சாத்தினார். அப்பா ஒரு உதை விட்டார். தள்ளிப் போய் விழுந்து, உதறிக்கொண்டு, திரும்பி வந்தது. சேவலின் கணக்கில் அடிக்கிறவர் எதிராளி. எதிராளி அடித்தால் சண்டை முடியாது, வலுக்கும். இதை நான் சொன்னபோது அப்பா நம்பவில்லை. உதைத்த மறுநாள் அது அவரை மட்டும் தேடி வந்ததை அவரே யோசித்துச் சொன்னபிறகுதான் ஒத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தில் ஒன்றரை மணி நேரம்

முதல் நாள் யாரையும் எதுவும் மாற்றச் சொல்லவில்லை. பின் தாழ்வாரத்தில் நோட்டோடு உட்கார்ந்தேன். பிள்ளைகள் எனக்குப் பக்கத்தில், தாழ்வாரத்துக்குள். பெரியவர்கள் வழக்கமான வேலையைப் பார்த்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஏழு தடவை பாய எழுந்தது.

எடுத்த எடுப்பில் நேராக வராது. கவனிக்காத மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து வரும். ஒன்றுமே இல்லாத தரையைக் கொத்தும். ஒரு கண் ஆள்மேலேயே இருக்கும். அப்புறம் ஒரு பக்கச் சிறகு தாழும். இறகு நுனி காலில் உரசிச் சர்ரென்று ஓர் ஓசை வரும். அப்படியே அரைவட்டம் போடும். தலை இறங்கி, கழுத்து முடி குடை மாதிரி விரிந்து நேருக்கு நேர் நின்றுவிட்டால் அடுத்தது பாய்ச்சல்தான். மூச்சு விடக்கூட நேரமில்லை. தரையைச் சும்மா கொத்துவதற்கும் சிறகு தாழ்வதற்கும் நடுவில் நாலைந்து விநாடி கிடைக்கும். பழகிய பெரியவர் அதில் சுதாரித்துக்கொள்ளலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது கோழி ஆடுகிற ஆட்டம். சின்னவன் அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கிட்டப் போய்த்தான் இரண்டாவது தடவை கீறல் வாங்கியிருந்தான்.

சிவப்புக் கவுன்தான் காரணம் என்றார் அப்பத்தா. கவுனைக் கொடியில் தொங்கவிட்டோம். பச்சை அதன் நிழலில் மேய்ந்தது. ஏழில் ஐந்து பாய்ச்சல், யாராவது வேகமாக நடந்தபோதோ குனிந்தபோதோ நடந்தது. மற்ற இரண்டும் தீவனச் சட்டியை எடுத்தபோது.

அன்றைக்கு நான் அளந்த ஓர் அளவு முக்கியமானது. சின்னவனின் உயரம் 94 செ.மீ. பச்சை பாயும்போது நகம் எட்டுகிற உயரத்தைக் கிணற்றுச் சுவரில் சாக்கட்டியால் குறித்துப் பார்த்தேன், மூன்றடி. கிட்டத்தட்ட இரண்டும் ஒன்று. அதே பாய்ச்சல் நமக்கு இடுப்புக்குக் கீழேதான் விழும். அவனுக்கு முகத்தில் விழும். குனிந்தாலோ உட்கார்ந்தாலோ நேராகக் கண்ணுக்கே வரும். ‘சின்னச் சேவல்தானே, என்ன செய்துவிடும்’ என்று சொல்கிறவர்கள் தங்கள் முழங்காலை வைத்துச் சொல்கிறார்கள்.

பிடித்துக் காலைப் பார்த்தேன். ஐந்து மாதத்தில் காலின் பின்பக்க முள் துவரம்பருப்பு அளவு மொட்டாகத்தான் இருந்தது. கீறியதெல்லாம் நகமும் அலகும். ஆனால் முள் வளர்ந்துகொண்டே போகும். ஒரு வயதில் கூராகி நிற்கும். நாள் கடத்தினால் ஆயுதமும் கூடும். பெட்டைகள் இரண்டுக்கும் முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தது. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது இருக்க வேண்டும். இரண்டே இருந்தால் அவைதான் சீரழியும்.

சேவலின் விதையை எடுத்துவிடலாமா என்று அப்பா கேட்டார். கிடாய்க்குச் செய்வது போல அவ்வளவு சுளுவில்லை. சேவலுக்கு விதை வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும், உயிருக்கே ஆபத்து. அலகை வெட்டச் சொன்னார் அப்பத்தா. அது வேண்டாம், தின்னத் தடுமாறும் என்றேன். நகத்தின் கூர் நுனியை மட்டும் நகவெட்டியால் மழுக்கிவிட்டேன்.

நான் சொன்ன யோசனை

பெரியவர்கள் ஓடக்கூடாது, அடிக்கவும் கூடாது. அது சிறகைத் தாழ்த்தியதும் அதை நோக்கி நிதானமாக இரண்டு எட்டு எடுத்து வைக்க வேண்டும். அது விலகும்வரை நாம் விலகக்கூடாது. தினமும் ஒரு தடவை பிடித்து, சிறகை விலாவோடு அணைத்து, கையிடுக்கில் பத்து நிமிஷம் வைத்துக்கொண்டு கொல்லையைச் சுற்றி வர வேண்டும். தீவனத்தைக் காலையில் அப்பா மட்டும் வைக்க வேண்டும். பெட்டைகளை அது பார்க்கப் பிடிக்கக்கூடாது. பிடிக்க வேண்டுமானால் இருட்டிய பிறகு அடைந்திருக்கும்போது பிடிக்கலாம். இவ்வளவும் சரியான யோசனைதான், இன்றைக்கும் சொல்வேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ‘மரம் விளையாட்டு’ ஒன்று சொல்லிக் கொடுத்தேன். பச்சை வந்தால் ஓடாதே, கையை உடம்போடு ஒட்டி மரம் மாதிரி நில்.

முதல் வாரம் எல்லாம் கூடிவந்தது. அப்பா கையில் தூக்கினால் மூன்றாம் நாளிலேயே திமிறவில்லை. அம்மா குடத்தோடு போனால் ஒதுங்கி வழிவிட்டது. ஒன்பதாம் நாள் பெரியவள் மரம் மாதிரி நின்றாள். சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. எனக்கு போன் பண்ணி அவளே சொன்னாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பதினோராம் நாள் சாயங்காலம், அம்மா பத்தடி தள்ளித் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். பச்சை வந்தது. சின்னவன் நின்றான், கையை ஒட்டிக்கொண்டு, அசையாமல். அது அரைவட்டம் போட்டு நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு கொய்யாப் பிஞ்சு விழுந்தது. எடுக்க உட்கார்ந்தான். அம்மா திரும்புவதற்குள் முகத்தில் பாய்ந்துவிட்டது. இடது கண்ணின் கீழ் இமைக்கு ஒரு விரற்கடை கீழே, மூன்று கோடு. நடுக்கோடு ஆழம்.

“நீங்க சொன்னபடிதான் நின்னான் டாக்டரம்மா” என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அந்தச் சொல் இன்றைக்கும் என் காதைவிட்டுப் போகவில்லை.

அம்மா செய்தது எல்லாம் சரி. கிணற்றடியிலேயே சோப்புப் போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே கழுவியிருந்தார். மஞ்சள் அப்பவில்லை, காப்பித்தூள் வைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கண்விழியில் காயம் இல்லை என்று பார்த்துச் சொன்னார்கள். தடுப்பூசி அட்டையில் ஒன்றரை வயதுப் பூஸ்டர் போட்டது இருந்ததால் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) தனி ஊசி தேவைப்படவில்லை. நாய்க்கடிக்குப் போடுகிற ஊசி போட வேண்டாமா என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்தியிருந்தார்கள். வெறிநோய் பாலூட்டிகளின் நோய். கோழி கொத்தி வராது. விழியிலேயே பட்டிருந்தால் கதை வேறு. அப்போது கசக்கக்கூடாது, எண்ணெயோ தாய்ப்பாலோ விடக்கூடாது, அழுத்திக் கட்டவும் கூடாது. காகிதக் குவளையைக் கண்ணில் படாமல் மேலே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, எவ்வளவு தூரமானாலும் அந்த நேரமே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கே பிசகினேன்

இரண்டு இடத்தில். கோழி ஆளுக்கு ஆள் முகம் தெரிந்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொருவரோடும் தனித்தனிக் கணக்கு வைக்கும். அப்பாவிடம் அடங்கிவிட்டது என்பதால் பிள்ளையிடமும் அடங்கிவிட்டது என்று ஆகாது. பெரியவர்களிடம் அது விலகியதைப் பார்த்து வீட்டார் மனதில் எச்சரிக்கை தளர்ந்தது. அதற்கு முன்பு கொல்லையில் பிள்ளைக்குப் பத்தடி தள்ளி நிற்கமாட்டார்கள், கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பார்கள். என் யோசனை பலித்ததே ஆபத்தைக் கொண்டுவந்தது.

இரண்டாவது, மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு விதியைச் சொல்லிக் கொடுத்து அதை நம்பியது. அவன் விதியை மீறவே இல்லை. நின்றான். கொய்யா விழுந்தபோது விளையாட்டு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த வயதில் அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிற வீட்டில் சேவலைப் பழக்குவதும் பிள்ளையைப் பழக்குவதும் அப்புறம். முதல் நாளே நடுவில் வேலி வேண்டும். இதை இப்போது நான் போனிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரியே பச்சையைப் பஞ்சாரம் என்கிற கோழிக்கூடைக்குள் கவிழ்த்தார்கள். பஞ்சாரம் இரண்டு மூன்று நாளைக்குச் சரி. அதற்குள்ளேயே கிடந்தால் இன்னும் மூர்க்கமாகும். அப்பாவும் நானும் போய்ச் சவுக்குக் கழி வாங்கிவந்தோம். கொட்டகையை ஒட்டி 8 அடிக்கு 6 அடி அடைப்பு, கோழிவலை, மேலேயும் வலை. இந்த வெள்ளை இனம் உடம்பு லேசு, ஆறடி வேலியைப் பறந்து தாண்டிவிடும். மேலே மூடாமல் பிரயோஜனமில்லை. படலுக்குக் கொக்கியைப் பெரியவர்களின் நெஞ்சு உயரத்தில் வைத்தோம். பெரியவள் பள்ளிக்கூடத்திலும் சின்னவன் அங்கன்வாடியிலும் இருக்கிற நேரத்தில் மட்டும் பச்சை வெளியே. பிள்ளைகள் தெருமுனை திரும்புவதற்குள் உள்ளே. அத்தை வீட்டிலிருந்து இன்னும் ஆறு பெட்டை வந்தன. முதுகில் இறகு திரும்ப முளைத்தது. ஆள்மேல் பாய்வது அதனால் நின்றுவிடவில்லை. வலைக்கு வெளியே சின்னவன் கடந்தாலே கழுத்து முடி விரிந்தது.

பஞ்சாரம் எடுக்கக் குனிந்தபோது அப்பத்தாவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்ததைப் பார்த்தேன். கொத்துப் பட்டால் அவருக்கும் ஆபத்துதான். ஆஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயது மூதாட்டி ஒருவர், காலில் புடைத்த நரம்பில் சேவல் கொத்தி, ரத்தம் நிற்காமல் இறந்துபோனது 2019-இல் மருத்துவ இதழில் வந்தது. அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். ஒருவேளை பட்டுவிட்டால் உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். யாரையாவது கூப்பிட வேண்டும். “எனக்கு என்னாத்தா, நான் வாழ்ந்து முடிச்சவ. புள்ள கண்ணு தப்புச்சே, அது போதும்” என்றார். ஆனாலும் அதன்பிறகு அடைப்புக்குள் அவர் போகவில்லை. முட்டை எடுப்பது அப்பா வேலையானது.

என்ன செய்வது பச்சையை

குழம்பு வைத்துவிடலாம் என்றார் அப்பா. அதில் தப்பு ஒன்றும் இல்லை. பிள்ளையின் கண்ணா சேவலா என்று வந்தால் இரண்டாவது யோசனையே கூடாது. அப்படி முடிவெடுத்த எந்த வீட்டையும் நான் குறை சொன்னதில்லை. ஆனால் பெரியவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது, அப்பத்தா அந்த மாதம் வீட்டில் கவிச்சி சமைக்க விடமாட்டார். அப்படி ஒரு மாதம் கிடைத்தது.

அந்த மாதத்தில் எனக்கு அதிகம் நேரம் போனது பெரியவளோடுதான். சாயங்காலம் வலைக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, “பச்சைக்கு என்னைப் பிடிக்கலையா?” என்று கேட்பாள். தன் கையில் நொய் தின்றது ஏன் தம்பி முகத்தைக் கிழித்தது என்பது அவளுக்கு விளங்கவே இல்லை. அதற்குத் தன் பெட்டைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றுகிறது, யார் எதிரி என்று மட்டும் அதற்குத் தெரியவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றேன். “நான்தானே வளர்த்தேன், நான் சொல்லிக் குடுத்திருக்கணும்ல” என்றாள். இல்லை கண்ணு, அதைக் கோழிதான் கோழிக்குச் சொல்லிக் கொடுக்க முடியும், நம்மால் ஆகாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அதற்கு அம்மா இருந்திருக்கணும் என்று அவளாகவே சொன்னாள்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் காவலுக்கு இருக்கிற வயதான தம்பதிக்குப் பன்னிரண்டு பெட்டை இருந்தது, சேவல் இல்லை. பேரப்பிள்ளைகள் வெளியூரில். பச்சை என்னென்ன செய்தது என்று ஒன்று விடாமல் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மறைத்துக் கொடுத்தால் அந்த வீட்டுக்கு வருகிற பிள்ளைக்கு நாம் செய்கிற துரோகம். இந்தச் சேவலின் முட்டையை அடைக்கு வைக்க வேண்டாம், ஆள்மேல் பாயும் குணம் வழிவழியாக வரக்கூடியது என்பதையும் சொன்னோம். லீவுக்குப் பேரன் வந்தால் சேவல் கூண்டுக்குள் இருக்க வேண்டும் என்று அந்த ஐயா தானாகவே சொன்னபிறகுதான் எனக்கு மனம் நிம்மதியானது. புரட்டாசிக் கடைசி வாரம், ராத்திரி எட்டு மணிக்கு, அடைந்திருந்த இடத்திலிருந்து தூக்கிச் சாக்குக்குள் வைத்துக் கொண்டுபோனார்கள். காலின் பின்பக்க முள் அப்போதே கொண்டைக்கடலை அளவு வளர்ந்திருந்தது.

சின்னவன் முகத்தில் இரண்டு கோடு மறைந்துவிட்டது. நடுக்கோடு மட்டும் வெயிலில் நின்றால் தெரிகிறது. மூன்று வாரம் கொல்லைக்கே வரமாட்டேன் என்றவனைப் பெரியவள் கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிவந்தாள்.

கார்த்திகையில் ஒரு பெட்டை அடைக்குக் கிடந்தது. சொந்த முட்டை வேண்டாம் என்றேன். சேவல் போன பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல்கூட முட்டையில் கரு பிடிக்கலாம், எது பச்சையினுடையது என்று யாருக்குத் தெரியும். அத்தை வீட்டில் ஆறு வருஷமாக யாரையும் தொடாத ஒரு சிவப்புச் சேவல் இருக்கிறது. அந்தக் கூட்டத்து முட்டை 11 வாங்கிவந்து வைத்தார்கள். 21 நாளில் ஒன்பது பொரித்தது. குஞ்சுகளைக் கையில் எடுக்கக்கூடாது, தாயோடு விட்டுவிட வேண்டும் என்று தம்பிக்கு இப்போது பெரியவள்தான் சட்டம் போடுகிறாள். படலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இருவரும் வேடிக்கை பார்க்கிறார்கள்.

மாசியில் போனபோது குஞ்சுகளுக்கு இரண்டு மாதம். நாலுக்குக் கொண்டை சிவந்திருந்தது. எந்த நாலு என்று அவள் எனக்கு முன்பே கண்டுபிடித்து, காலில் ஊதா நூல் கட்டச் சொல்லி அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தாள். “இதுகள எப்பப் பிரிக்கணும்?” என்று கேட்டாள். நாலாவது மாதம், கூவுவதற்கு முன்னாடி என்றேன். சுவரில் தொங்கிய காலண்டரை எடுத்துவந்து, சித்திரைத் தாளைப் புரட்டி, ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.